ஓடைக்கரையின் மூன்றாம் அறை

— இல்லை அக்கா, நான் பூசையிலை கடைசிப் பேர் வரைக்கும் காதைக் குடுத்துக் கேட்டனான். லூர்து அண்ணையின்ரை பேர் வாசிக்கேல்லை.

— வாசிக்கமாட்டினம் எண்டு தெரிஞ்சுதானே தம்பி நானும் வந்தனான். நீர் ஏன் இப்பிடிப் பதைக்கிறீர்? இந்தப் பாலக்கட்டிலை கொஞ்சம் இரும்.

— போன வருசம் வாசிக்கேல்லை எண்டால் சரி, விசாரணை முடியேல்லை எண்டு விடலாம். இண்டைக்குமோ? ஒண்டரை வருசம் ஆகுது.

— பதினேழு மாசம்.

— இருநூறு வருசத்துக்கு முந்தி இந்த வெடி ஆலையிலை செத்தவனையெல்லாம் வாசிக்கினம். பேரே தெரியாத ஒருத்தனை, ‘வெடிமருந்துக்கு அரிதட்டுப் போட்ட நொண்டி’ எண்டு சொல்லி அவனுக்கும் மணி அடிக்கினம். பதினாலு வருசம் இஞ்சை வேலை செய்த லூர்து அண்ணைக்கு ஒரு மணி இல்லை.

— அந்த நொண்டி பிழை விடேல்லையாக்கும். பிழை விட்டு வெடிக்க வைச்சவன்ரை பேரைக் கோயில் சுவரிலை எழுதிறேல்லை, வாசிக்கிறேல்லை எண்டது இந்தக் கரைச் சனத்தின்ரை பழக்கம். நாங்கள் வந்தேறினாக்கள், அதிலை என்ன கதைக்க இருக்கு?

— உங்களுக்கு ஆர் சொன்னது அந்தப் பழக்கத்தை?

— இவர்தான், உம்மடை அண்ணைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம், ஒரு வியாழக்கிழமை, இந்தப் பாலத்திலை நிண்டு சொன்னவர். ‘றெபேக்கா, அந்தக் கோயில் சுவரிலை ஏறாமல் செத்தால் ரெண்டுதரம் செத்தமாதிரி’ எண்டு. பகிடியாத்தான் சொன்னவர்.

— அப்பிடிச் சொன்னவரோ அண்ணை?

— சொன்னவர். அதை விடும். வெடிக்காரரைக் காக்கிற பார்பரம்மாவின்ரை நாளிலை பூசை காணவேணும் எண்டு, நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோறாவிட்டை அரைநாள் கேட்டு வந்தனான். கண்டாச்சு. ரெண்டு பஸ் மாறி லிபெர்த்தாத் தெருவுக்குப் போகவேணும். அந்த மனிசிக்கு நாலு மணிக்கு மருந்து குடுக்கவேணும்.

— பஸ்சுக்கு இன்னும் நேரம் கிடக்கு. கொஞ்சம் இருங்கோ அக்கா. உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும்.

— பேந்து கதைப்பம்.

— பேந்து பேந்து எண்டு பதினேழு மாசம் போட்டுது. உங்கடை வீட்டு வாசல் மட்டும் எத்தினை தரம் வந்து திரும்பினனான் தெரியுமே?

— தெரியும். மேலை யன்னலிலை நிண்டு பாத்திருக்கிறன்.

— பாத்திட்டுக் கூப்பிடாமல் விட்டனீங்களோ?

— ஓம். கூப்பிடேல்லை. அந்தா பாரும், தண்ணி எவ்வளவு தெளிவா ஓடுது. நாங்கள் வந்துபோன காலத்திலை இந்த ஓடை ஒருநாள் சாம்பல் நிறம், ஒருநாள் மஞ்சள் நிறம். இவர் வேலையாலை வந்து குளிச்சாலும் தலைமயிரிலை கந்தகம் மணக்கும். தலையணை உறையை எத்தினை தரம் தோய்ச்சாலும் போகாது. இப்ப ஆலையைப் பூட்டினாப்பிறகு மீன்குஞ்சும் வந்திட்டுது.

— மேல்வீட்டு பீனாக் கிழவி ஒவ்வொரு கிழமையும் சண்டைக்கு வருவா. காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் எங்கடை தூசாலை மஞ்சளாப் போட்டுதெண்டு. அண்ணை ஞாயிற்றுக்கிழமை பல்லரோச் சந்தையிலை நல்ல மீனா வாங்கிக்கொண்டு போய் அவவைச் சமாளிச்சிட்டு வருவார்.

— அவ இண்டைக்குக் கோயிலிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. ஒரு சொல் கதைக்கேல்லை. எங்கடை ஆக்கள்தான் கதைக்கிறது. பூசை முடிய வாசலிலை நிண்டு, ‘வெடிமருந்துக்கை போனைக் கொண்டுபோன மனிசன்’ எண்டு. எனக்குக் காது கேளாது எண்டு நினைப்பாக்கும்.

— அதைத்தான் அக்கா நான்...

— வியாழக்கிழமை எனக்குப் பின்னேரம் லீவு. சாப்பாடு கட்டிக்கொண்டு வருவன். இந்தப் பாலத்தடியிலை வைச்சு, கொண்டை ஊசி, காப்பு, வீட்டுச் சாவி, போன், எல்லாத்தையும் கழட்டி வெளியிலை வைக்கிற தகரப் பெட்டிக்கை போடச் சொல்லுவார். ஒருநாள் தாலிக்கொடியையும் கழட்டு எண்டார். தங்கத்திலை எங்காலை நெருப்புப் பறக்கிறது எண்டு கேட்டன். ‘கொடி தங்கம், கொளுக்கி இரும்பு’ எண்டார். அதுக்கு ரெண்டு மாசத்துக்கு முந்தி அறுந்துபோய் நான் இரும்புக் கொளுக்கி போட்டனான். அது எனக்கே மறந்துபோச்சு, அவருக்கு நினைவிருந்திருக்கு.

— அப்பிடிப்பட்ட மனிசன் அக்கா. நைலோன் சட்டையோடை வந்தவனை வாசலிலை வைச்சே திருப்பி அனுப்பினவர். தரை கொஞ்சம் காஞ்சாலும் வேலையை நிப்பாட்டிப்போட்டு ஓடையிலை தண்ணி அள்ளச் சொல்லுவார். றொசாலியா திருவிழாவுக்கு ரெண்டு கிழமைதான் கிடக்கு எண்டு முதலாளி பத்றோனே நிண்டு கத்தினாலும் அண்ணை அசையமாட்டார். அப்பிடிப்பட்டவர் மருந்தறைக்குள்ளை போனைக் கொண்டுபோயிருப்பாரோ? நீங்கள் அதை நம்பினியளோ?

— தம்பி, பஸ் வரப்போகுது.

— உண்மையாச் சொல்லுறன் அக்கா. கேட்டுப்போட்டு என்னைக் காறித் துப்புங்கோ. அந்தப் போன் அண்ணையின்ரை இல்லை. என்ரை.

— பஸ் வருகுதோ எண்டு எட்டிப் பாரும்.

— கேட்டனீங்களோ? வெடிச்ச மூண்டாம் அறையிலை தூளாக் கிடந்த போன் என்ரை போன்.

— மெல்லமாக் கதையும். கோயில் வாசலிலை ஆக்கள் நிக்கினம்.

— கேக்கட்டும். எனக்கு அப்ப இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெசோ இல்லை. கடையிலை சிம் தரமாட்டினம். அண்ணைதான் தன்ரை பேரிலை ரெண்டு சிம் எடுத்து ஒண்டை எனக்குத் தந்தவர். போனும் ஒரே கடையிலை வாங்கின ஒரே மாதிரிப் போன். பொலிஸ் சிம்மை எடுத்துப் பாத்திட்டு லூர்து எண்டு எழுதிப்போட்டுது. பத்றோனேயின்ரை லோயர் என்னட்டை ஆசுபத்திரிக்கு வந்தவர். ‘செத்தவனுக்கு இனி ஒண்டும் நோகாது, விமலராஜ். நீ உயிரோடை இருக்கிறாய், உனக்குப் பெர்மெசோ எடுத்துத் தாறம்’ எண்டவர். நான் தலையாட்டினனான்.

— தலையாட்டினீர்.

— ஓம். கேள்வி கேட்டவைக்கும் அதைத்தான் சொன்னனான். அண்ணை தன்ரை போனை உள்ளுக்குக் கொண்டு போனதை என்ரை கண்ணாலை கண்டனான் எண்டு.

— உமக்கு ஏன் தம்பி அண்டைக்குப் போன் தேவைப்பட்டது?

— அம்மாவுக்கு வவுனியாவிலை ஒப்பரேசன். தங்கச்சி செய்தி சொல்லுறன் எண்டவள். பெட்டிக்கை போட்டால் மத்தியானம் வரைக்கும் எடுக்கேலாது. பழைய துணியிலை சுத்தி, அறையின்ரை யன்னல் மாடத்திலை வைச்சனான். அண்ணைக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் என்னை அண்டைக்கே கலைச்சிருப்பார்.

— அம்மா இப்ப எப்பிடி?

— இருக்கிறா. நடக்கிறா. ஒவ்வொரு நாளும் நினைப்பன், நான் இஞ்சை ஒரு மனிசனைக் குடுத்திட்டு அவவை அங்கை வைச்சிருக்கிறன் எண்டு.

— அப்பிடிச் சொல்லாதேயும். தாயை அப்பிடிக் கணக்குப் பாக்கக்கூடாது.

— தரை காஞ்சுபோச்சு, தண்ணி கொண்டுவா எண்டு அண்ணை அனுப்பினவர். நான் அந்தா, அந்தக் கல்லடியிலை குனிஞ்சு வாளியைத் தோய்ச்சுக்கொண்டு நிக்கிறன். ரிங் கேட்டுது. அறை ஓடைப் பக்கம் பலகைதானே, வடிவாக் கேட்டுது. வாளியைப் போட்டிட்டு ஓடினன். நாலு எட்டு வைச்சிருக்கமாட்டன், ரிங் நிண்டுபோச்சு. அண்ணை எடுத்திட்டார் எண்டு விளங்கிச்சு. இண்டைக்கு நான் துலைஞ்சன் எண்டு நினைச்சன்.

— பிறகு?

— சிரிச்சவர்.

— என்ன சொன்னீர்?

— அண்ணை சிரிச்சவர், அக்கா.

— நீர் ஒருநாளும் இதைச் சொல்லேல்லையே. விசாரணையிலையும் சொல்லேல்லை.

— எப்பிடிச் சொல்லுறது? என்ரை போன் எண்டதையே நான் சொல்லேல்லை. இதைச் சொன்னால் எனக்கு விசர் எண்டுவினம். எனக்கே சிலநேரம் நம்பேலாமல் கிடக்கு. மருந்தறைக்குள்ளை போன் அடிச்சால் அந்த மனிசன் என்னைக் கொல்ல எல்லோ வரவேணும். ஏன் சிரிச்சவர்?

— வடிவாக் கேட்டனீரோ? ஓடை இரையிற சத்தம் இல்லையே?

— ஓடை எனக்குத் தெரியாதே அக்கா. அண்ணையின்ரை சிரிப்புத்தான்.

— எப்பிடிச் சிரிச்சவர்?

— எப்பிடி எண்டால்... வாய்விட்டு. நான் அவரோடை அஞ்சு வருசம் நிண்டனான், அப்பிடிச் சிரிச்சு ஒருநாளும் கேட்டதில்லை. சின்னப் பிள்ளையைத் தூக்கி மேலை எறிஞ்சு பிடிக்கேக்கை சிரிப்பினமே, அப்பிடி.

— மாதாவே.

— அக்கா, அழாதேங்கோ. நான் இதைச் சொல்லியிருக்கக்கூடாது.

— இல்லை, இல்லை. சொன்னது நல்லது. நீர் எனக்கு எவ்வளவு பெரிய... விடும். கொஞ்சம் பொறும். கண் துடைக்க லேஞ்சி எங்கை வைச்சன். ம்ம். சொல்லும். பேந்து?

— பேந்து என்ன. மூண்டு பக்கமும் மலைமாதிரிக் கல்லுச்சுவர், ஓடைப் பக்கம் மட்டும் பலகை. வெடிச்சால் எல்லாம் தண்ணிக்குப் போகட்டும், பக்கத்து அறை தப்பட்டும் எண்டு அந்தக் காலத்து ஆக்கள் கட்டினது. அந்தப் பலகைதான் வந்து என்ரை தோளிலை அடிச்சது. நான் ஓடைக்குள்ளை விழுந்தனான். சத்தம்கூட எனக்கு நினைவில்லை. தண்ணிக்குள்ளை கிடந்து பாக்கிறன், மேலை வானத்திலை சிவப்பும் பச்சையுமாப் பூ விரியுது. பட்டப்பகலிலை. திருவிழாவுக்கு அடைச்சு வைச்ச வெடியெல்லாம் போகுது.

— லிபெர்த்தாவுக்கும் கேட்டது. சிஞ்ஞோறா, ‘றொசாலியாவுக்கு ஒத்திகை பாக்கினம்’ எண்டா. நானும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு உடுப்பு ஸ்திரிக்கை போட்டனான்.

— ஆர் அடிச்ச கோல் எண்டுதான் பிடிபடேல்லை. வாட்ஸ்அப்பிலை வந்திருக்கு, போன் தூளாப் போனதோடை அடிச்சவரின்ரை நம்பரும் போச்சு. தங்கச்சியைக் கேட்டன். தான் அடிக்கேல்லை, அந்த நேரம் ஒப்பரேசனே தொடங்கேல்லை எண்டு வற்றாப்பளை அம்மன்மேலை சத்தியம் பண்ணுறாள். எனக்குக் கவலை வரும் எண்டு ஒளிக்கிறாள், பாவம்.

— தங்கச்சியை ஏசாதேயும்.

— ஏசேல்லை. வேறை ஆரிட்டையும் அந்த நம்பர் இருந்ததோ எண்டு யோசிச்சு யோசிச்சு நித்திரை போச்சு. சரி, ஆர் அடிச்சால் என்ன. வைச்சவன் நான். நாளைக்குக் காலமை பொலிஸ் குவெஸ்தூறாவுக்குப் போறன்.

— என்னத்துக்கு?

— உள்ளதைச் சொல்ல. ஒரு லோயரோடையும் கதைச்சிட்டன், கோயில் பங்கிலை சொல்லிவிட்ட பொம்பிளை. பொய்ச்சாட்சி சொன்னதுக்கும் சேர்த்து வழக்கு வரும் எண்டா. வரட்டும்.

— போன மாசம்தானே பெர்மெசோ கையிலை கிடைச்சது எண்டு சொன்னவை.

— ஓம்.

— வேணுகாவும் குழந்தையும் தை மாசம் வருகினம் எண்டும் கேள்விப்பட்டன்.

— டிக்கெட் போட்டாச்சு.

— ஏழு வருசம் காணாத பெஞ்சாதி வந்து இறங்கேக்கை நீர் மறியலிலை, கம்பிக்குப் பின்னாலை இருக்கப்போறீரோ? அந்தக் குழந்தை உம்மைத் தொட்டே பாக்கேல்லை. என்ன கதை கதைக்கிறீர்?

— அண்ணையின்ரை பேர் அந்தச் சுவரிலை ஏறவேணும் அக்கா. எனக்கு வேறை ஒண்டும் தெரியேல்லை. உங்கடை மகள் தர்சனாவைக் காணேக்கை செத்துச் செத்துப் பிழைக்கிறன். ‘விமல் மாமா’ எண்டு ஓடி வந்து கதைக்கிறாள். நேர்சிங் படிக்கிறன் எண்டு சொல்லுறாள். தோள் இன்னும் நோகுதோ எண்டு கேக்கிறாள். தகப்பன் கவலையீனத்தாலை செத்தார் எண்டு அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டு திரியுது.

— ஓம். நம்புறாள். போன மாசம் ஆத்துமாக்கள் திருநாளண்டு தகப்பன்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு ஏசினவள். இத்தாலியனிலை ஏசினவள், கோவம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. ‘எங்களுக்கெல்லாம் சட்டம் சொன்னீங்களே அப்பா, நீங்கள் ஏன் கொண்டுபோனீங்கள்’ எண்டு. நான் குசினிக்கை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான்.

— நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?

— வெங்காயம் வெட்டினனான்.

— எப்பிடி அக்கா ஏலுது உங்களுக்கு?

— கோவம் நல்லது தம்பி. கோவம் ஒருநாளைக்கு ஆறும். கலியாணம் கட்டி, பிள்ளை பெத்து, அது அம்மப்பா எங்கை எண்டு கேக்கேக்கை ஆறிப்போம். ஆறாததுகளும் இருக்கு.

— எனக்கு விளங்கேல்லை. இந்தாங்கோ, இதைப் பாருங்கோ. துணியை அவிழுங்கோ.

— இது இவரின்ரை போன்.

— அண்டைக்குத் தகரப் பெட்டியிலையிருந்து நான்தான் எடுத்தனான், இது என்ரை எண்டு சொல்லி. ஆசுபத்திரியிலை வைச்சு நிப்பாட்டினதுதான். ஒருநாளும் திறந்து பாக்கேல்லை, உண்மையாச் சொல்லுறன். இது வெளியிலை பெட்டிக்கை இருந்தது எண்டு காட்டினால் காணும். அண்ணை சட்டத்தை மீறேல்லை எண்டதுக்கு இதைவிட வேறை அத்தாட்சி தேவையில்லை.

— இவ்வளவு நாளும் எங்கை வைச்சிருந்தனீர்?

— மெத்தைக்குக் கீழை.

— மூலையிலை கண்ணாடி வெடிச்சது தர்சனா போட்டு உடைச்சது. புதுசு மாத்துங்கோ எண்டால் கேக்கமாட்டார். பாரம் குறைஞ்சமாதிரிக் கிடக்கு. முந்தி இதைவிடப் பாரம்.

— காலமை குவெஸ்தூறாவுக்கு நீங்களும் வாங்கோ அக்கா. நீங்கள் பக்கத்திலை நிண்டால் எனக்குத் தைரியமா... அக்கா. அக்கா, என்ன செய்யிறியள். ஐயோ.

— போட்டுது.

— ஏன் ஓடைக்கை எறிஞ்சனீங்கள்? அதுதானே என்ரை கையிலை இருந்த ஒரே அத்தாட்சி. இருங்கோ, இதிலை ஆழமில்லை, இறங்கி எடுக்கிறன்.

— இறங்காதேயும். நில்லும் எண்டு சொல்லுறன். நீர் இறங்கினால் நானும் உமக்குப் பின்னாலை இறங்குவன்.

— உங்களுக்கென்ன பிடிச்சது?

— குவெஸ்தூறாவுக்குப் போகமாட்டன் எண்டு சத்தியம் பண்ணும்.

— பண்ணமாட்டன். இப்பத்தான் சனம் சொல்லுறது விளங்குது. அந்த மனிசி புருசனுக்காக ஒரு வார்த்தை கதைக்கேல்லை, நீதவான் கேக்கேக்கை ‘எனக்கு ஒண்டும் தெரியாது’ எண்டுபோட்டு வந்து குந்தினவ எண்டு சொன்னவை. நான்தான் உங்களுக்காக அவையோடை சண்டை பிடிச்சனான். புருசன்ரை பேர் நாறினால் நாறட்டும் எண்டு விட்டிட்டியளோ?

— ஏசும். நல்லா ஏசும்.

— எனக்கு ஏச வரேல்லை. ஏன் எண்டு சொல்லுங்கோ.

— வெடிச்ச அறையிலை கிடந்தது உம்மடை போன் எண்டு எனக்கு அண்டைக்குப் பின்னேரமே தெரியும்.

— என்ன?

— செய்தி வந்த உடனை இவரின்ரை நம்பருக்கு அடிச்சன். ரிங் போச்சு. திரும்பத் திரும்ப அடிச்சன், ரிங் போய்க்கொண்டே இருந்தது. தூளாப்போன போன் எப்பிடித் தம்பி ரிங் போகும்? உமக்கு அடிச்சன், அது செத்துக் கிடந்தது. ஆசுபத்திரிக்கு ஓடி வந்தால் நீர் தோளிலை கட்டோடை கிடக்கிறீர், இவரின்ரை போன் உம்மடை தலைமாட்டிலை கிடக்கு. அந்த வெடிச்ச மூலை எனக்குத் தெரியாதே?

— தெரிஞ்சுகொண்டே என்னைக் கும்பிட்டனீங்கள். ‘அவரோடை கடைசி மட்டும் நிண்டனீர், ஆண்டவர் உம்மைக் காப்பாத்தட்டும்’ எண்டு சொன்னனீங்கள். என்னைக் காப்பாத்தவோ அக்கா பேசாமல் இருந்தனீங்கள்?

— இல்லை தம்பி. பொய் சொல்லமாட்டன். அப்ப உம்மை மறியலிலை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாத்தான் இருந்திருக்கும். கன நாள் உம்மை மனசுக்குள்ளை சபிச்சனான். அதாலைதான் யன்னலிலை நிண்டு பாத்தும் கூப்பிடாமல் விட்டனான்.

— அப்ப ஏன்?

— விமல் மாமாவின்ரை போன் அண்டைக்கு வெளியிலை பெட்டிக்கை கிடந்தது எண்டு நம்பிற ஒரு ஆள் வீட்டிலை இருக்கு. அந்த நம்பிக்கையிலைதான் அது சாப்பிடுது, நித்திரை கொள்ளுது, படிக்கப் போகுது. நீர் குவெஸ்தூறாவிலை வாயைத் திறந்தால் அடுத்தநாள் அதுக்கு எல்லாம் விளங்கிப்போம். அதுக்குப் பேந்து சுவரிலை இவரின்ரை பேரைத் தங்கத்திலை எழுதினாலும் எனக்கு என்னத்துக்கு?

— ஆரைச் சொல்லுறியள்? தர்சனாவையோ? என்ரை போன் எங்கை கிடந்தால் அவளுக்கு என்ன?

— அண்டைக்குப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலை தர்சனாவின்ரை கடைசிச் சோதினை முடிவு ஒட்டினவை. முதல் தகப்பனுக்குத்தான் அடிச்சவள். பெட்டிக்கை கிடக்கிற போனை ஆர் எடுக்கிறது?

— அக்கா... வேண்டாம்.

— பேந்து உம்மடை நம்பருக்கு அடிச்சவள், தம்பி. ஆரோ எடுத்தவையாம், பிள்ளையளின்ரை சத்தத்திலை அங்காலை ஒண்டும் கேக்கேல்லையாம், ‘மாமா, நான் பாஸ் எண்டு அப்பாட்டைச் சொல்லுங்கோ’ எண்டு சொன்னவளாம்.